ஏப்ரல் பக்கத்துக் குருவி

திருப்பதி
4 ஜூன் 2024

சிரஞ்சீவி பிரேமலதாவுக்கு ஆசீர்வாதம்.

வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. இன்னும் காதில் உங்கள் காட்டு ஓடைச் சத்தம்தான். குக்கர் விசில் அடித்தால்கூட என்ன பறவையோ என்று திரும்பிப் பார்க்கிறேன். அகத்துக்காரர் சிரிக்கிறார். "நாலு நாள் நெமலிகோனா விடுதியில இருந்துட்டு வந்ததுக்கே இந்தக் கூத்துன்னா, இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா மரத்துலயே ஏறிண்டிருப்பே" என்கிறார். அவருக்கென்ன! நாற்பது வருஷம் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவித்தவர். ஊரே யதிராஜன் ஸ்வாமி என்று கும்பிடுகிறது. எனக்கு இந்தக் கேமரா கைக்கு வந்ததே ஐம்பத்தெட்டாவது வயதில். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்திலும் தளிகை உள்ளில் அடுப்பு முன்னாலும் நின்றே காலம் போய்விட்டது.

படம் அச்சாகி வந்துவிட்டது. கூட்டில் ஆண் குருவி உட்கார்ந்திருக்கிறது. ஒரு சாணுக்கு மேல் நீண்ட அந்த வெள்ளை வால் மறைப்பே இல்லாமல் கீழே தொங்குகிறது. மூன்று குஞ்சும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. புத்தகத்தில் அரசவால் ஈப்பிடிப்பான் என்று போட்டிருக்கிறது, நீ சொல்கிற வால் குருவிதான். எல்லாம் உன் கைவேலை. நான் பொத்தானை அழுத்தினதோடு சரி.

போன் வேண்டாம். உங்களுக்கு அங்கே டவர் கிடையாது. இங்கே மணி அடித்தால் யார் எடுப்பார்கள் என்று எனக்கே தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் காய்கறி வாங்கத் திருப்பதி வருகிறதே விடுதி ஜீப், அந்த டிரைவரிடம் கடிதத்தைக் கொடு. நானும் அவரிடமே தருகிறேன்.

குஞ்சுகள் பறந்தாயிற்றா? உடனே எழுது.

அன்புடன்
வஸுமதி


நெமலிகோனா
7 ஜூன் 2024

வஸுமதி அம்மாவுக்கு வணக்கம்.

குஞ்சுகள் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் ஊருக்குப் போன மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சு வெயிலில் காய்ந்து கூட்டிலேயே செத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் காணவில்லை. கீழே இறகு கிடந்தது, வல்லூறு வந்துபோயிருக்கிறது. தாய்க் குருவி வாயில் பூச்சியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் அந்த மரத்தைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது.

கூட்டுக்கு மேல் குடை மாதிரி நின்ற கிளை அது, அம்மா. அன்றைக்கே சொன்னேன். "வேணாம்மா, வெயிலு நேரா கூட்டு மேல அடிக்கும். வல்லூறு வேற சுத்திக்கினு கீது" என்றேன். "ஒரே ஒரு கிளைடி. அது போனா காடு குறைஞ்சுடப் போறதா? நாளைக்குக் கார்த்தால நான் ஊருக்குப் போயிடுவேன், இந்த வால் எனக்கு இனிமே எப்போ கிடைக்கும்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் வெட்டிவிட்டேன். உங்களை நான் குறை சொல்லவில்லை. கத்தி என் கையில்தான் இருந்தது.

இந்த விடுதியில் பெண் கைடு நான் ஒருத்திதான். விஜயபுரத்தில் எங்கள் நைனா இன்றைக்கும் கூலிக்குத்தான் போகிறார். எங்கள் தெருவில் பேட்ஜ் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிற முதல் ஆள் நான். கூட்டுக்குப் பத்து மீட்டருக்குள் ஆளைக் கூட்டிப்போகக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள். படத்தை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு
பிரேமலதா


திருப்பதி
18 ஜூன் 2024

சிரஞ்சீவி பிரேமாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் படித்து அன்று முழுக்க எனக்குச் சாதம் இறங்கவில்லை. ஏகாதசிகூட இல்லையே என்றார் அவர். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் யோசித்துப் பார், வல்லூறுக்கும் எங்கேயாவது ஒரு கூடு இருக்கும், அதிலும் வாயைத் திறந்துகொண்டு குஞ்சு இருக்கும். காடு என்றால் அப்படித்தான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான், இப்போது நீயே இப்படி மூக்கைச் சிந்தலாமா, அசடே!

படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நீ முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதோ? விடுதி காலண்டருக்கு விருந்தாளிகள் எடுத்த படம் கேட்டிருந்தார்கள், உன் கடிதம் வருவதற்கு முதல் நாள்தான் அனுப்பினேன். எடுத்துக்கொள்ளப் போவதில்லை, கவலைப்படாதே. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அனுப்புவார்கள், என்னை யார் சீந்தப்போகிறார்கள்?

அன்புடன்
வஸுமதி


நெமலிகோனா
15 அக்டோபர் 2024

வஸுமதி அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் படத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஏப்ரல் மாதத்துக்கு. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். காலண்டர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் பெரிதாக ஒரு படம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் வாலைப் பார்த்தார்கள். ரேஞ்சர் சார் மட்டும் மேல் மூலையைப் பார்த்தார். அங்கே வெட்டின கிளையின் முனை ஈரம் காயாமல் வெள்ளையாகத் தெரிகிறது. "இது முறிஞ்சது இல்ல, கத்தி பட்டது" என்றார். அன்றைக்கு யார் டூட்டி என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். என் பேர் இருந்தது, உங்கள் பேரும் இருந்தது.

என் பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள். பத்து நாளாக ரூம்களுக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் கோபிகிருஷ்ணன் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். "நீ சொன்னா யாரு நம்புவா? கெஸ்ட் அவங்களே, நான்தான் வெட்டச் சொன்னேன்னு ஒரு லெட்டர் குடுத்தா வார்னிங்கோட வுட்ருவாங்க. காலண்டர்லருந்து படத்தை எடுத்துருவாங்க, அவ்ளோதான். இல்லன்னா டிப்ஸுக்காவ நீயே வெட்டினன்னு ஆயிடும். வேல பூடும், பாத்துக்கோ" என்றார்.

ஒரே ஒரு கடிதம், அம்மா. இரண்டு வரி போதும். இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும்.

பிரேமலதா


திருப்பதி
22 அக்டோபர் 2024

என் கண்ணே பிரேமா,

பதறாதே. நான் இல்லையா? உன்னை விட்டுவிடுவேனா?

உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விசாரித்தவள் நான், மேலதிகாரிகள் மனசு எனக்குத் தெரியும். ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட்டால் அவர்களுக்குக் கோபம்தான் வரும். நீயும் எழுது, நானும் எழுதுகிறேன். நீ உன் கை செய்ததை மட்டும் எழுது. என்னைப் பற்றி ஒரு வரி வேண்டாம். என் பங்கை நான் எழுதுகிறேன், அதில் உன்னைப் பற்றிக் குறை இருக்காது. இரண்டையும் ஒன்றாகப் பின் அடித்து நானே அனுப்புகிறேன். தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்ட இரண்டு பேர் என்று பார்த்தால் கல்லும் கரையும்.

கம்ப்யூட்டரில் அடிக்காதே, உன் கைப்பட எழுது. சுற்றி வளைக்காமல், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எனக்குக் கொடுத்தனுப்பு.

வஸுமதி


நெமலிகோனா
25 அக்டோபர் 2024

வஸுமதி அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். வேறு தாளில் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கள். உங்களுடையதையும் சேர்த்து அனுப்பியதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பிரேமலதா

"29.5.2024 காலை பத்து மணிக்கு ஓடைக்கரைப் புங்கமரத்தில் வால் குருவிக் கூட்டுக்கு மேல் இருந்த கிளையை என் கத்தியால் நானே வெட்டினேன். வெட்டக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். வெட்டினால் குஞ்சுகள் பிழைக்காது என்பதும் தெரியும். மூன்று குஞ்சுகளும் செத்துப்போயின. இது என் தவறு. மன்னிக்க வேண்டுகிறேன். ரங்கையா மகள் பிரேமலதா, கைடு."


விஜயபுரம்
19 நவம்பர் 2024

வஸுமதி அம்மாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். ஜீப்பில் கொடுத்தனுப்ப நான் இப்போது அங்கே இல்லை.

போன வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் என் தாள் இருந்தது. அதோடு பின் அடித்திருந்தது உங்கள் கையெழுத்தில் மூன்று வரி. "அந்தப் பெண் மனம் வருந்தி எனக்கு எழுதிய கடிதம் இது. நான் கூட்டுக்குத் தள்ளி, படம் எடுக்கக் கட்டும் மறைப்புத் துணிக்குள் இருந்ததால் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சின்னப் பெண், இரக்கத்தோடு பாருங்கள்." இரண்டு தடவை படித்தேன். இன்னொரு தாள் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். மேனேஜர் சாரிடமே, "இன்னொரு லெட்டர் வந்துதா சார்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது செத்தாலும் மறக்காது.

நீங்கள் எனக்கு எழுதின கடிதங்களை ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். பொறுமையாகத்தான் படித்தார். "இதுல இன்னா கீது பிரேமா? என் பங்கை எழுதறேன்னு போட்டுக்கீறாங்க. இன்னா பங்குன்னு எங்கயாச்சும் கீதா? வெட்டச் சொன்னேன்னு ஒரு எழுத்து கீதா?" என்றார். நானும் தேடினேன். இல்லை. ஜூனிலிருந்தே ஒரு எழுத்து இல்லை. எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறீர்கள், அம்மா! நான் அதையெல்லாம் பாசம் என்று பெட்டியில் வைத்திருந்தேன்.

உங்களுக்குப் பதினான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு என் நம்பரிலிருந்து போனே போகவில்லை.

வேலை போய்விட்டது. வேறு எந்தக் காட்டு விடுதியிலும் சேர முடியாதபடி வனத்துறைக்கும் பேர் போயிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் அம்மா என் சட்டையைத்தான் பார்த்தாள். "பேட்ஜு எங்கடி?" என்றாள். நைனா சோறு தின்னாமல் எழுந்து போய்விட்டார். நான் உங்களை வெறுக்கிறேன். அதை எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

பிரேமலதா


திருப்பதி
20 ஜனவரி 2025

பிரேமலதாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. வயசு அப்படி. மார்கழி முழுக்க உனக்கு எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாகவே இருந்தேன்.

என் நிலைமையையும் கொஞ்சம் பார். தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கைங்கர்யம் செய்கிற குடும்பம் இது. மூன்று உயிர் போன பாவம் இந்த வீட்டு வாசலில் வந்து நின்றால் அவர் தாங்குவாரா? நீ சின்னவள். இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொன்று. எனக்கென்று இருப்பது இந்த ஒரு படம்தான். சாகிற வரைக்கும் வேறு ஒன்று எடுக்கமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

காலண்டர் வந்துவிட்டது. படத்தின் மேல் குற்றமில்லை என்று முடிவு செய்து, மேல் ஓரத்தை மட்டும் நறுக்கிப் போட்டிருக்கிறார்கள். கீழே என் பேர். கூடத்தில் ஏப்ரல் பக்கத்தைத் திருப்பியே மாட்டி வைத்திருக்கிறேன். கோஷ்டியில் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். உனக்கும் ஒன்று இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதின மன்னிப்புத் தாளுக்கு நகல் எடுத்து வைத்திருந்தேன். அதை அகத்துக்காரருக்குப் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டார். "தப்பை ஒத்துண்ட பொண்ணை இப்படி விட்டுடலாமா? நம்மாத்துக்கு வரச் சொல்லேன்" என்றார். அவர் சொல்லைத் தட்ட முடியாமல் எழுதுகிறேன். வாசல் பெருக்கி, முற்றம் கழுவி, மேல் வேலைக்கு இரு. பின்கட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. தளிகை உள்ளுக்கு மட்டும் வர வேண்டாம், அதை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உனக்குச் சரிப்படாது என்று தோன்றினால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

வஸுமதி


விஜயபுரம்
24 ஜனவரி 2025

வஸுமதி அம்மாவுக்கு,

காலண்டர் வந்தது. நல்ல படம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எனக்குச் சரிப்படும். வருகிறேன்.

இங்கே வேர்க்கடலைக் காட்டில் அம்மாவோடு களை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. முதலில் சுருட்டி வரப்பில் எறிந்தேன். பிறகு போய் எடுத்துவந்தேன். வரமாட்டேன் என்ற தைரியத்தில்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்? உங்கள் கடிதங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

தளிகை உள்ளுக்கு வரமாட்டேன். காட்டில் ஓடைப் பாறை மேல் உட்கார்ந்து என் டப்பாவில் கைவிட்டுப் புளிச்சோறு எடுத்துத் தின்றீர்களே, அதையும் யாரிடமும் சொல்லமாட்டேன். கூடத்தைப் பெருக்கலாம் அல்லவா? அங்கேதானே படம் இருக்கிறது? தினமும் நான் அதற்குக் கீழே பெருக்குவேன். நீங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள்.

பிரேமலதா


திருப்பதி
28 ஜனவரி 2025

பிரேமா,

வராதே.

நான் அவரிடம் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? கடிதம்தானே? எழுதித் தருகிறேன். இரண்டு வரியென்ன, இரண்டு பக்கம் எழுதுகிறேன். நான்தான் வெட்டச் சொன்னேன் என்று இப்போதே எழுதுகிறேன். கோபிகிருஷ்ணன் சாருக்கு நேரே அனுப்புகிறேன், அவர் யாருக்கும் காட்டாமல் உன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். உனக்கு வேலை, எனக்கு நிம்மதி. இந்த வீட்டுக்குள் மட்டும் வராதே. என் வயசை நினைத்துப் பார். அவருக்கு நெஞ்சு பலவீனம். கெஞ்சிக் கேட்கிறேன்.

வஸுமதி


விஜயபுரம்
1 பிப்ரவரி 2025

வஸுமதி அம்மாவுக்கு,

நான்தான் வெட்டச் சொன்னேன் என்று முதல் தடவையாக எழுதியிருக்கிறீர்கள். மாதம் எட்டாயிற்று. அந்தக் கடிதத்துக்கு இனி நெமலிகோனாவில் வேலை இல்லை. என் இடத்தில் டிசம்பரிலேயே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். இப்போது நீங்கள் எதை அனுப்பினாலும் அவர்கள் ஃபைலைத் திறக்கப்போவதில்லை. மேனேஜர் சாரிடம் நானே கேட்டுவிட்டேன்.

பயப்படாதீர்கள். உங்கள் வீட்டு யதிராஜன் ஸ்வாமியிடம் நானாகப் போய் ஒரு வார்த்தை பேசமாட்டேன். உங்கள் கடிதங்களையும் கொண்டுவரவில்லை, அவை இங்கே எங்கள் அம்மாவிடம் இருக்கும். ஆனால் கூடத்துக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீதானா அந்தக் கைடு பொண்ணு? இந்தப் படம் எப்படிம்மா எடுத்தா?" என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லுவேன். நாளைக்கே கேட்கலாம், நாலு வருஷம் கழித்தும் கேட்கலாம். எனக்கு அவசரமில்லை. மறைப்புத் துணிக்குள் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து பழக்கம்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன், நைனா நம்பரிலிருந்து. ஸ்வாமிதான் எடுத்தார். பேர் சொன்னதும், "அடடே, பிரேமலதாவா? வாம்மா, வா. உன்னைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. அறையைச் சுத்தம் பண்ணி வைக்கச் சொல்லியாச்சு" என்றார். நல்ல மனிதர். குரல் அப்படியே பாசுரம் சொல்வது மாதிரி இருக்கிறது.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வழி சொன்னார், எழுதி வைத்துக்கொண்டேன்.

பிரேமலதா